பழைய டீசல் ஜீப்பின் திறனை மீட்கும் முறை

நில அளவை, வனப் பாதுகாப்பு, நிலவியல் ஆய்வு, நீர்வள ஆய்வு முதலிய பணிகளில் ஈடுபட்டோருக்குச் சாலை முடியும் இடத்திலேதான் வேலை தொடங்குகிறது. அங்கிருந்து அவர்களையும் அவர்தம் கருவிகளையும் சுமந்து செல்வது நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப் வகை வாகனமே. நம் நாட்டில் 1940களின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகள் தொகுக்கப்படலாயின. தொடக்கத்தில் அவை பெட்ரோலில் ஓடின. பின்னர் டீசல் எஞ்சின்கள் வந்தன. 1980களில் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவிய 2,112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய ஜீப்புகள் நாடெங்கும் பரவின. அவற்றுட் பல மலைத்தோட்டங்களிலும், வாடகை வண்டிகளாகவும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இன்றும் இயங்குகின்றன.

அரசுத் துறைகளுக்குச் சொந்தமான வாகனங்களின் பதிவு 15 ஆண்டுகளோடு முடிவுறும் என்னும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆதலின், துறை வாகனங்களைப் பொறுத்தவரை இப்பாடம் அந்த வரம்பை நெருங்கும் வண்டிகளுக்கே பயன்படும். தனியார் வண்டியை வாடகைக்கு அமர்த்தி மலைக்குச் செல்லும் களப்பணியாளரும், எஞ்சினைக் கண்முன் பிரித்துக் காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியரும் இதனால் கூடுதற் பயன் பெறலாம். இங்குக் கூறப்படுவன யாவும் எந்திர முறையில் இயங்கும் எரிபொருள் பம்பு உள்ள பழைய எஞ்சின்களுக்கே பொருந்தும். மின்னணுக் கட்டுப்பாடுடைய புதிய எஞ்சின்களுக்கு வேறு முறைகள் உண்டு.

"வண்டி இழுக்கவில்லை, திறனைக் கூட்ட வேண்டும்" என்று ஓட்டுநர் கூறும்போது நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. அந்த எஞ்சின் பிறந்தபோது பெற்றிருந்த திறன் முழுவதும் இப்பொழுது அதனிடம் உள்ளதா? பெரும்பாலும் இராது. தேய்மானத்தாலும் தூசியாலும் கவனக்குறைவாலும் சிறிது சிறிதாக இழந்த திறனை மீட்பதே முதற் பணி. அதன் பின்னரே புதிதாகச் சேர்ப்பதைப்பற்றி எண்ணவேண்டும்.

1. திறன் பிறக்கும் இடம்

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ஆம் ஆண்டு தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். அதன் அடிப்படைக் கருத்து எளியது. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ காற்று மட்டும் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு மிகக் கடுமையாக அமுக்கப்படுகிறது. அமுக்கப்பட்ட காற்று கடுஞ்சூடு அடைகிறது. அச்சூட்டிற் பீச்சப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது.

சுழற்சி அறையுள்ள பழைய எஞ்சின்களில் காற்று தன் கனஅளவில் ஏறத்தாழ 22-இல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. உள்ளே வரும் காற்று 27 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் இருந்தால், அமுக்கத்தின் முடிவில் அது ஏறத்தாழ 600 பாகையை எட்டும். வெளிக்காற்று சுழிக்குக் கீழே 20 பாகையாக இருக்கும் மலைநாட்டில் அதே எஞ்சின் 470 பாகை அளவிலேயே நின்றுவிடும்; குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் அதிலும் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்ளும். விடியற்காலையில் எஞ்சின் எளிதிற் பிடிக்காமைக்குக் காரணம் இதுவே. இத்தகைய எஞ்சின்களில் 'கிளோ பிளக்' என்னும் சூடேற்றிகள் வைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே.

ஆகவே டீசல் எஞ்சினின் திறன் மூன்றைச் சார்ந்தது: போதிய காற்று, சரியான அளவிலும் நேரத்திலும் பீச்சப்படும் எரிபொருள், சிதையாத அமுக்கம். இம்மூன்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டும் அதனை ஈடுசெய்ய இயலாது.

2. ஒரு கணக்கு

எண்களைக்கொண்டு இதனை விளக்குவோம். ஏறத்தாழ 2.1 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்று சுழல்கிறது எனக் கொள்க. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்று இழுக்கப்படுவதால், அது நிமிடத்திற்கு 2,100 லிட்டர் காற்றை இழுக்கவேண்டும். நடைமுறையில் வால்வுகளும் குழாய்களும் தடுப்பதால் 85 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,780 லிட்டர் மட்டுமே உட்புகும். கடல்மட்டத்தில் 30 பாகை உஷ்ணத்தில் இக்காற்றின் எடை ஏறத்தாழ 2 கிலோகிராம்.

ஒரு கிலோகிராம் டீசல் முழுவதும் எரியக் கொள்கையளவில் 14.5 கிலோகிராம் காற்று போதும். ஆனால் டீசல் எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகச் சிறியது. எனவே கரும்புகையின்றி எரிய ஏறத்தாழ 20 கிலோகிராம் வேண்டும் எனக் கொள்வோம். அப்படியானால் 2 கிலோகிராம் காற்றில் நிமிடத்திற்கு 0.1 கிலோகிராம், மணிக்கு 6 கிலோகிராம் டீசலே நன்கு எரியும். ஒரு கிலோகிராம் டீசல் தரும் வெப்பம் ஏறத்தாழ 42.5 மெகாஜூல். இதில் 30 விழுக்காட்டை எஞ்சின் வேலையாக மாற்றுமாயின் நமக்குக் கிடைப்பது 21 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 28 குதிரைத்திறன். கியர்ப்பெட்டியிலும் அச்சுகளிலும் 15 விழுக்காடு கழிந்தால் சக்கரங்களுக்குச் சேர்வது 18 கிலோவாட்.

இக்கணக்கில் நாம் காற்றிலிருந்தே தொடங்கியதைக் கவனிக்கவேண்டும். எவ்வளவு எரிபொருள் ஊற்றினாலும், உள்ளே வந்த காற்று எவ்வளவு எரிக்க இடந்தருமோ அவ்வளவே எரியும். மீதி புகையாகவும் கரியாகவும் வீணாகும்.

3. உயரத்தின் விளைவு

லடாக்கின் லே நகரம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. அதற்கு வடக்கே 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கார்துங் கணவாயில் அது 60 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் ஏறத்தாழ அதே விகிதத்திற் குறையும். நாம் கணக்கிட்ட எஞ்சின் லேயில் 2,000 சுற்றில் சக்கரங்களுக்குத் தருவது 18 கிலோவாட் அன்று, 12.6 கிலோவாட்டே.

இனி, ஆளும் சுமையும் சேர்த்து 1,800 கிலோகிராம் எடையுள்ள ஜீப் ஒன்று, பத்துக்கு ஒன்று என்னும் சரிவுள்ள சரளைப் பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். சரிவை வெல்ல ஏறத்தாழ 1,770 நியூட்டன் விசையும், சரளையில் சக்கரம் உருளுவதற்கு ஏறத்தாழ 530 நியூட்டன் விசையும் வேண்டும். ஆக 2,300 நியூட்டன். இதற்குரிய திறன் 12.8 கிலோவாட். கிடைப்பதோ 12.6. வண்டி தயங்கி நிற்கும். ஓட்டுநர் கியரைத் தாழ்த்துவார். தாழ்ந்த கியரில் எஞ்சின் விரைந்து சுழன்று நிமிடத்திற்குக் கூடுதற் காற்றை இழுப்பதால் வண்டி ஏறிவிடும்.

இவ்வெஞ்சினில் பழுதொன்றும் இல்லை. ஆயினும் இதே நிலையில் காற்று வடிகட்டி அடைபட்டு, பத்தில் ஒரு பங்கு காற்று தடைப்பட்டால் கிடைக்கும் திறன் 11.3 கிலோவாட்டாகக் குறையும். மாறாக, தேவையற்ற 200 கிலோகிராம் சுமையை இறக்கிவிட்டால் வேண்டிய திறனே 11.3 கிலோவாட்டாகக் குறைந்துவிடும். சமவெளியிற் கண்ணுக்குத் தெரியாத இத்தகைய சிறு வேறுபாடுகளே கணவாயில் வண்டி ஏறுமா, நடுவழியில் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. பனிக்காற்று வீசும் மாலையில், மனித நடமாட்டமற்ற பாதையில் நிற்கும் வண்டி ஒரு குழுவின் உயிருக்கே கேடாக முடியலாம்.

4. புகை கூறும் செய்தி

எஞ்சினைத் திறப்பதற்கு முன் அதன் புகையைக் காண்க.

கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய எரிபொருளைக் காட்டும். காற்று வடிகட்டி அடைப்பு, நாசில் சரியாகத் தூவாமை, பம்பில் எரிபொருள் அளவைக் கூட்டி வைத்தல், மிதமிஞ்சிய சுமை, உயரம் ஆகியவை இதற்குக் காரணங்கள். வெண்புகை, எரியாத எரிபொருளின் ஆவியைக் காட்டும். குளிர்ந்த எஞ்சினிற் சிறிது நேரம் இது வருவது இயல்பு. சூடேறிய பின்னும் தொடர்ந்தால் பீச்சும் நேரம் பிந்தியிருக்கலாம்; அமுக்கம் குறைந்திருக்கலாம். இனிய மணத்துடன் வெண்ணிற ஆவி நீங்காது வந்தால் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குட் கசிகிறதோ என ஐயுறவேண்டும். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையங்களோ வால்வு வழிகாட்டிகளோ தேய்ந்திருக்கும்.

பாரத் ஸ்டேஜ் 4-க்கு முற்பட்ட டீசல் வாகனங்களுக்கு, நின்ற நிலையில் எஞ்சினை முடுக்கி அளக்கும் சோதனையில் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு புகை வரம்பாக விதிக்கப்பட்டுள்ளது. இச்சோதனையைச் சான்றிதழ் பெறும் சடங்காகக் கருதாமல் எஞ்சினின் உடல்நிலைப் பரிசோதனையாகவே கருதவேண்டும். ஆறு மாதத்திற்கு முன் கிடைத்த எண்ணையும் இன்று கிடைத்த எண்ணையும் ஒப்பிட்டால் எஞ்சினின் போக்குப் புலனாகும்.

5. காற்றின் வழி

ராஜஸ்தானத்து மணற்பரப்பானாலும் லடாக்கின் ஆற்றுப்படுகையானாலும், பழைய ஜீப்பின் முதற்பகை தூசியே. பழைய வண்டிகள் பலவற்றில் எண்ணெய்த் தொட்டி வகைக் காற்று வடிகட்டி உள்ளது. காற்று எண்ணெயின் மேல் திரும்பும்போது தூசி அதிற் படிந்துவிடும். தொட்டியில் எண்ணெய் குறிக்கப்பட்ட அளவில் இருத்தல் வேண்டும். குறைந்தால் தூசி உட்செல்லும். மிகுந்தால் எண்ணெயே உறிஞ்சப்படும். பின்னதை இலேசாகக் கருதுதல் ஆகாது. உறிஞ்சப்பட்ட எண்ணெயை எரிபொருளாகக்கொண்டு எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். கடுந்தூசியுள்ள இடத்தில் இத்தொட்டியை நாள்தோறும் திறந்து பார்த்தல் வேண்டும். தாள் வடிகட்டியாயின், அழுத்தக் காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லச் செலுத்துக. வெளிச்சத்தின்முன் பிடித்து ஓட்டை உண்டா என்று காண்க. ஓட்டையுள்ள வடிகட்டி, வடிகட்டி இல்லாமைக்கு ஒப்பாகும்.

வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயை மறத்தல் கூடாது. அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வடிகட்டப்படாத காற்று உட்சென்று சிலிண்டரையும் வளையங்களையும் அராவிவிடும்.

காற்று எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. ரேடியேட்டருக்குப் பின்னாலுள்ள 60 பாகைக் காற்றை இழுப்பதற்குப் பதிலாக வெளியிலுள்ள 35 பாகைக் காற்றை இழுக்குமாறு குழாயை அமைத்தால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு கூடும். செலவு மிகச் சிறிது, பயன் பெரிது. அக்குழாயின் வாய் மழைநீரும் சக்கரம் வாரியிறைக்கும் சேறும் புகாத இடத்தில் அமையவேண்டும்.

வெளியேறும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். கல்லில் மோதி நசுங்கிய புகைக்குழாயும், கரி அடைத்த சைலன்சரும் எஞ்சினின் மூச்சைத் தடுக்கும்.

6. எரிபொருளின் வழி

தொட்டியிலிருந்து நாசில் வரை எரிபொருள் செல்லும் வழியை வரிசையாகச் சோதிக்கவேண்டும். முதலாவது, தொட்டியின் அடியில் தேங்கிய நீரும் துருவும். இவற்றை வடித்துவிடுக. இரண்டாவது, வடிகட்டிகள். குறித்த காலத்தில் மாற்றுவதுடன், நீர்பிரிக்கும் கிண்ணத்தை வாரம் ஒருமுறை திறந்துவிடுதல் நன்று. மூன்றாவது, உறிஞ்சும் குழாயிற் காற்றுக் கசிவு. இக்கசிவு வெளியே எண்ணெயாக வடியாது, காற்றாக உட்செல்லும். ஆதலால் கண்ணுக்கு அகப்படுவதில்லை. பம்புக்கு முன்னே சிறிது தூரம் ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாக இணைத்துப் பார்த்தால் குமிழிகள் தெரியும்.

நான்காவது, நாசில்கள். சுழற்சி அறை எஞ்சின்களின் நாசில் ஏறத்தாழ 115 முதல் 130 பார் அழுத்தத்தில் திறந்து, மெல்லிய பனிபோல் தூவவேண்டும். சொட்டினாலும் தாரையாக ஒழுகினாலும் எரிதல் கெட்டு, பிஸ்டனின் தலையே உருகக்கூடும். இச்சோதனையை அதற்குரிய கருவியுள்ள பட்டறையிலேயே செய்தல் வேண்டும். நாசிலின் தூவலுக்கு முன் எக்காரணத்தாலும் கையை நீட்டலாகாது. அத்தாரை தோலைத் துளைத்து உட்செல்லும்; காயம் ஊசி குத்தியதுபோற் சிறிதாகத் தோன்றினும் உடனே அறுவை மருத்துவரிடம் செல்லவேண்டிய ஆபத்தாகும்.

ஐந்தாவது, பீச்சும் நேரம். பம்பை இயக்கும் பட்டையோ சங்கிலியோ பற்சக்கரமோ தேய்ந்தால் நேரம் பிந்தும். வண்டி மந்தமாகும், வெண்புகை தோன்றும். நேரம் முந்தினால் கடுமையான தட்டல் ஒலி எழும், தாங்கிகள் துன்புறும். எஞ்சின் தயாரிப்பாளரின் கையேட்டிற் கண்ட அளவே சரியான அளவு. காதால் கேட்டு நேரம் வைப்பது கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் நம்பத்தக்க வழியன்று.

எரிபொருளைப் பற்றியும் ஒரு சொல். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கிற்கு மேல் இல்லை. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்புக் குறைவதால், அதனை ஈடுசெய்யும் பொருள் விநியோகத்திற்கு முன்பே சேர்க்கப்படுகிறது. இவ்வாறிருக்க, விலை குறைவு என்றோ குளிருக்கு நல்லது என்றோ மண்ணெண்ணெயைக் கலப்பது, எரிபொருளையே மசகாகக் கொண்டுள்ள பம்பைத் தேய்த்து அழிப்பதாகும். லடாக்கின் கடுங்குளிருக்கென, சுழிக்குக் கீழே 33 பாகை வரை பாயும் தன்மையை இழக்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அத்தகைய எரிபொருளையே நாடுதல் முறை.

7. அமுக்கமும் வால்வுகளும்

காற்றும் எரிபொருளும் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லையாயின் அமுக்கத்தை அளக்கவேண்டும். நான்கு சிலிண்டர்களின் அளவுகளும் கையேட்டிற் கண்ட சிறும அளவுக்கு மேலும், தம்முள் பெரிதும் வேறுபடாமலும் இருத்தல் வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் வால்வு இடைவெளியை முதலிற் சரிபார்க்க. இடைவெளி மிகக் குறைந்து வால்வு முழுதும் மூடாதிருப்பது அடிக்கடி காணப்படும் குறை. அரைமணி நேரத்தில் நீக்கத்தக்கது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் தாழ்ந்திருந்தால் அவற்றிடையே தலைக் கேஸ்கட் பழுதுற்றிருக்கலாம். எல்லாச் சிலிண்டர்களும் தாழ்ந்து, எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து புகை பெருகினால் வளையங்களும் சிலிண்டர்களும் தேய்ந்துவிட்டன என அறிக. இந்நிலையில் வேறெந்தச் சீர்திருத்தமும் வீண்செலவே. எஞ்சினைப் புதுப்பித்தலே வழி.

8. குளிர்விப்பு

மலையேறும்போது எஞ்சின் கொதிப்பது பலரும் கண்ட அனுபவம். 3,500 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதிக்கும். எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறப்பதே 82 பாகை அளவிலாகும். இடைவெளி ஆறு பாகை மட்டுமே! இதனை விரிவாக்குவது ரேடியேட்டரின் அழுத்த மூடி. அரை பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் அவ்வுயரத்திலும் கொதிநிலை 100 பாகையைக் கடந்து நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் தங்காவிடில் வண்டி கொதிக்கும். சில நூறு ரூபாய் மதிப்புள்ள மூடி, எஞ்சினின் தலையையே காக்கிறது.

கொதிப்பதைத் தடுக்கிறோம் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. இது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சமவெளியில் வேண்டிய சூட்டை அடையாது. எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். சிலிண்டர்கள் விரைந்து தேயும். ரேடியேட்டரின் இதழ்களிற் படிந்த சேற்றைக் கழுவுதல், விசிறிப் பட்டையை இறுக்குதல், விசிறியைச் சூழ்ந்த தகட்டைத் திரும்பப் பொருத்துதல் ஆகியவையே உண்மையான பரிகாரங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது.

9. சுமை, டயர், தடை

இழுக்கும் திறனைக் கூட்டுவதும், இழுக்கவேண்டிய பளுவைக் குறைப்பதும் பயனில் ஒன்றே. வண்டியிற் பல்லாண்டுகளாகக் கிடக்கும் இரும்புச் சட்டங்கள், பயன்படாத கருவிப்பெட்டிகள், கூரைமேற் கட்டிய பாரங்கள் ஆகியவற்றை ஆராய்க. உராயும் பிரேக்குகள் ஒரு மறைவான பளுவாகும். சிறிது தூரம் ஓட்டிய பின் சக்கர மையங்களைத் தொட்டுப் பார்த்தால், ஒன்று மட்டும் மிகச் சூடாக இருப்பது குறையைக் காட்டிக்கொடுக்கும்.

தோற்றத்திற்காகப் பெரிய டயர்களைப் பொருத்துவோர் பலர். 730 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயருக்குப் பதிலாக 790 மில்லிமீட்டர் டயரை இட்டால், எஞ்சின் அதே விசையைத் தந்தாலும் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 8 விழுக்காடு குறையும். வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பிரேக்குகளுக்கும் பளு கூடும். பெரிய டயர் தரையுயரத்தைத் தருவது உண்மையே. ஆனால் திறன் குறைந்த எஞ்சினுக்கு அது பாரமே. கடினமான ஏற்றத்தில் நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்ந்த கியரைப் பயன்படுத்துதல் இதனினும் சிறந்த வழி. சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்காகப் பெருகும், எஞ்சினும் திணறாது. இந்த நெம்புகோலைப் பல ஓட்டுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொடுவதேயில்லை.

திறனைப் பெருக்க முற்படுவோர் தடையை முதலிற் காணவேண்டும். வெற்றிட உதவியால் இயங்கும் பிரேக்குகளில் காலுக்குத் துணைநிற்பது வெளிக்காற்றின் அழுத்தமே. லேயின் உயரத்தில் அவ்வழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைவதால் அத்துணையும் அதே அளவு குறைகிறது. எஞ்சின் ஏறும்போது இளைப்பதை ஓட்டுநர் உடனே உணர்வார். பிரேக்கின் இளைப்பை இறங்கும்போதே உணர்வார். ஆதலின், எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்னும் பழைய விதியைக் கைவிடலாகாது.

10. திருகைத் திருப்பும் பிழை

எரிபொருள் பம்பில் உச்ச அளவைத் தீர்மானிக்கும் திருகு ஒன்று முத்திரையிடப்பட்டிருக்கும். முத்திரையை உடைத்து அதனைத் திருப்பினால் வண்டி சற்று விரைவாக இழுப்பதுபோல் தோன்றும். ஓட்டுநர் மகிழ்வார். ஆனால் நாம் முன்னர்க் கண்ட கணக்கின்படி, காற்று கூடாமல் எரிபொருளை மட்டும் கூட்டுவது கரும்புகையையும் மிகை வெப்பத்தையுமே பெருக்கும். நீண்ட ஏற்றத்தில் பிஸ்டனும் வால்வுகளும் சிலிண்டர்த் தலையும் அவ்வெப்பத்தைத் தாங்கவேண்டும். உயரமான இடங்களில் உண்மையில் செய்யத்தக்கது இதற்கு நேர்மாறானது: காற்றுக் குறைந்ததற்கேற்ப எரிபொருளையும் குறைத்தல். சில பம்புகளில் இதனைத் தானே செய்யும் அமைப்பு உண்டு. இல்லாதவற்றில் ஓட்டுநரின் காலே அவ்வேலையைச் செய்யவேண்டும். கரும்புகை தோன்றும் இடத்திற்கு மேல் மிதியை அழுத்துவதால் வண்டிக்கு விசை கூடுவதில்லை.

டீசல் புகை மனிதரில் புற்றுநோயை விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் வகைப்படுத்தியதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். அப்புகையை முதலிற் சுவாசிப்போர் வண்டியிற் செல்வோரும் வழியோரத்தவருமே.

டர்போ பொருத்துதல் உயரத்தால் நேரும் இழப்பிற்கு முறையான விடையே. ஏனெனில் அது காற்றைக் கூட்டுகிறது. ஆயினும் அதனைத் தாங்கும் பிஸ்டன், எண்ணெய்க் குளிர்விப்பு, கேஸ்கட், ரேடியேட்டர், கிளட்ச் ஆகியன பழைய எஞ்சினில் இரா. தேய்ந்த எஞ்சினிற் டர்போவைச் சேர்ப்பது முதிர்ந்த மாட்டை விரைந்தோடுமாறு அடிப்பதற்கு ஒப்பாகும். சட்டமும் கவனிக்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகுமாறு வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உரிய அனுமதியின்றி இத்தகைய மாற்றங்களைச் செய்தலாகாது.

11. பணியின் ஒழுங்கு

எந்தச் சீர்திருத்தத்தையும் தொடங்குமுன் அளவெடுக்கவேண்டும். அருகிலுள்ள ஓர் ஏற்றத்தைத் தேர்ந்து, குறித்த சுமையுடன், குறித்த கியரில், அதனை ஏறி முடிக்க எத்தனை வினாடிகள் ஆகின்றன எனப் பதிவேட்டில் எழுதுக. உஷ்ணமானியின் நிலை, புகையின் நிறம், நூறு கிலோமீட்டருக்கு ஆகும் டீசல் ஆகியவற்றையும் எழுதுக. பின்னர் ஒரு முறைக்கு ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, மீண்டும் அதே ஏற்றத்தில் சோதிக்க. ஒரே நாளில் வடிகட்டி, நாசில், டயர் மூன்றையும் மாற்றினால் பயன் எதனால் விளைந்தது என்பது எவருக்கும் தெரியாது.

வரிசை இதுவாகுக: பிரேக்கும் ஸ்டியரிங்கும், காற்று வடிகட்டியும் குழாய்களும், எரிபொருள் வடிகட்டிகளும் கசிவும், ரேடியேட்டரும் மூடியும், வால்வு இடைவெளி, நாசில்கள், பீச்சும் நேரம், அமுக்கச் சோதனை, சுமையும் டயரும். இவற்றுள் முதற் பாதியை எந்தக் களமுகாமிலும் எளிய கருவிகளைக்கொண்டு செய்யலாம்.

12. ஆசிரியர்களுக்கு

அமுக்கத்தால் காற்றுச் சூடாவதைக் காட்டச் சைக்கிள் பம்பு ஒன்று போதும். அதன் வாயை விரலால் அடைத்துப் பத்துப் பதினைந்து முறை விரைந்து அமுக்கி, பம்பின் அடிப்பகுதியை மாணவர்கள் தொட்டறியச் செய்க. காற்றுக் குறைவால் கரி தோன்றுவதைக் காட்ட, கண்ணாடிக் கூண்டுள்ள மண்ணெண்ணெய் விளக்கு உதவும். அடியிலுள்ள காற்றுத் துளைகளைச் சிறிது சிறிதாக மறைத்தால் சுடர் சிவந்து, கூண்டிற் கரி படியும். திரியை உயர்த்தினால் ஒளி கூடாமல் கரியே கூடுவதைக் கண்ட மாணவன், பம்பின் திருகைத் திருப்புவதன் பயனின்மையைத் தானே கூறிவிடுவான்.

பயிற்சி வினாக்கள்

1. 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் 1,800 சுற்றில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும்? 85 விழுக்காடே உட்புகும் எனக் கொள்க.

2. கடல்மட்டத்தில் சக்கரங்களுக்கு 24 கிலோவாட் தரும் டர்போ இல்லாத எஞ்சின், 2,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ எவ்வளவு தரும்? அங்குக் காற்றின் அடர்த்தி 82 விழுக்காடு எனக் கொள்க.

3. ஒரு ஜீப் சமவெளியிற் புகையின்றி ஓடுகிறது. மலையிற் கரும்புகை விடுகிறது. திரும்பிவந்தபின் மீண்டும் புகையில்லை. இதற்கு எஞ்சினின் பழுது காரணமா? விளக்குக.

4. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பின் ஒரு வண்டியின் டீசல் செலவு கூடியது. காரணம் கூறுக.

5. உங்கள் பொறுப்பிலோ உங்கள் ஊரிலோ உள்ள ஒரு டீசல் வண்டியின் காற்று வழியை முழுதும் வரைந்து, வடிகட்டப்படாத காற்று உட்புகக்கூடிய இடங்களைக் குறிக்க.